மஞ்சள் கரு யாருக்கு?

எங்கள் வீட்டில் இதயம் என்ற ஒன்று இருப்பது என் கணவருக்கு மட்டும்தான் என்று நாங்கள் எல்லோரும் நம்பிக்கொண்டிருந்தோம். அவர் நம்பினார், மகள் நம்பினாள், நானும் நம்பினேன். ஒரு குடும்பத்துக்கு ஒரு இதயம் போதும் என்பது போலத்தான் எங்கள் நடவடிக்கை இருந்தது.

அவருக்கு அது இருப்பது தெரியவந்தது ஒரு காலை நேரத்தில், மேனாம்பேட்டில் ஷேர் ஆட்டோவுக்கு நின்றுகொண்டிருந்தபோது. அம்பத்தூர் எஸ்டேட்டில் லேத் பட்டறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். ஓய்வுக்குப் பிறகு வீட்டில் எனக்கு மேற்பார்வையாளராகச் சேர்ந்திருந்தார். அன்று நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாலையோரம் உட்கார்ந்துவிட்டார். சட்டை தொப்பலாக நனைந்துவிட்டது. ஆட்டோக்காரர் தங்கமான மனிதர். மற்ற சவாரிகளை இறக்கிவிட்டு இவரை மட்டும் ஏற்றிக்கொண்டு மருத்துவமனைக்குப் பறந்தார். ரத்தக்குழாயில் ஓர் அடைப்பு, அதற்கு ஒரு ஸ்டென்ட். மருத்துவர் ஸ்டென்ட் என்றார், எங்கள் சொந்தக்காரர்கள் ஸ்பிரிங் என்றார்கள். காலம் முழுக்க இரும்பைக் கடைந்தவருக்கு உடம்புக்குள் ஒரு ஸ்பிரிங் இருப்பது கௌரவமாகவே பட்டது.

"நம்ம நெஞ்சுல ஸ்பிரிங் கீதுப்பா, ஃபாரின் மாலு," என்று பார்க்க வந்தவர்களிடமெல்லாம் சட்டைப் பித்தானை அவிழ்த்துக் காட்டினார். அங்கே பார்ப்பதற்கு ஒன்றும் இல்லை. வந்தவர்களும் உற்றுப் பார்த்துவிட்டு, "ஆமாமா" என்றார்கள்.

வந்தவர்கள் வெறுங்கையோடு வரவில்லை. ஆப்பிள், பிஸ்கட், சத்துமாவு டப்பா என்று வீடு நிறைந்தது. நூம்பலில் இருக்கும் என் நாத்தனார் மட்டும் தூக்குச்சட்டியில் நெஞ்செலும்பு சூப் கொண்டுவந்தார். எங்கள் சனத்தில் அது ஒரு வைத்திய முறை. காலில் அடிபட்டால் ஆட்டுக்கால் சூப், ரத்தம் குறைந்தால் ஈரல், நெஞ்சில் கோளாறு என்றால் நெஞ்செலும்பு. நமக்கு எந்தப் பாகம் பழுதோ, ஆட்டில் அந்தப் பாகத்தை வாங்கி வேகவைக்க வேண்டியது. அப்படியானால் தலைவலிக்குத் தலைக்கறியா என்று ஒருமுறை கேட்டு நாத்தனாரிடம் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டிருக்கிறேன்.

"அண்ணனுக்கு நெஞ்சு ஸ்ட்ராங்கா ஆவணும் அண்ணி. சூடா குடு, ஆறிப் பூட்ச்சுன்னா வேலைக்கு ஆவாது," என்றார்.

சூப்பின் மேல் கொழுப்பு ஆடை கட்டி மிதந்தது. மருத்துவமனையில் அதற்கெல்லாம் தடை போட்டே அனுப்பியிருந்தார்கள். நாத்தனார் எதிரில் அதை வாசலில் ஊற்ற முடியுமா? அவர் பஸ் ஏறிப் போகும்வரை மூடி வைத்தேன். பிறகு நானே குடித்தேன். நன்றாகத்தான் இருந்தது, மிளகு கொஞ்சம் தூக்கல்.

தடைகளை எழுதிக் கொடுத்தவர் மருத்துவமனையின் உணவு ஆலோசகர். சின்ன வயசுப் பெண், தென் மாவட்டத்துப் பேச்சு. எல்லோரும் அவரை டயட் மேடம் என்றார்கள். முட்டையில் வெள்ளைக்கரு சாப்பிடலாம், மஞ்சள் கரு வேண்டாம். ஆட்டுக்கறி வேண்டாம், ஈரல் வேண்டாம், கோழி என்றால் தோல் இல்லாமல். கீரை, சுண்டல், வாழைத்தண்டு, கேழ்வரகு, மோர் ஆகியவை தாராளமாக. பூந்தமல்லியில் அடுக்குமாடிக் குடியிருப்பில் இருந்துகொண்டு கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை பார்க்கும் என் மகள், அந்தத் தாளை ஃபிரிட்ஜ் கதவில் காந்தம் வைத்து ஒட்டினாள். நைனாவுக்கு ரத்த அழுத்தம் பார்க்க ஒரு மிஷினும் வாங்கி வந்தாள். "ம்மா, நைனா உயிர் இனிமே உன் கையிலதான் இருக்கு," என்றாள். பாசத்தில் சொன்னதுதான்.

ஒரு மனிதனின் உயிரைக் கையில் கொடுத்துவிட்டால் பயம் வராதா? வந்தது. இவர் செத்துப்போவார் என்ற பயத்திலேயே அடுப்பைப் பற்றவைத்தேன், அந்தப் பயத்திலேயே அணைத்தேன். அவர் குறட்டை நின்றால் எழுந்து உட்கார்ந்து மூக்கருகில் விரல் வைத்துப் பார்த்தேன். எனவே அந்தத் தாளில் எழுதியிருந்ததில் ஓர் எழுத்தைக்கூட நான் மீறவில்லை. நாஷ்டாவுக்குக் கேழ்வரகுக் கூழ், மோர் ஊற்றி. மதியம் கீரை, தண்டு, கொஞ்சம் சோறு. சாயங்காலம் சுண்டல். தினமும் இரண்டு முட்டையின் வெள்ளை.

இங்கேதான் சிக்கல். வெள்ளையை அவருக்குக் கொடுத்துவிட்டால் மஞ்சளை என்ன செய்வது?

நான் அரசுப் பள்ளி ஒன்றில் சத்துணவு அமைப்பாளராக இருந்தவள். அங்கே முட்டை என்பது உணவே அல்ல, பொறுப்பு. வேகும்போது ஒன்று வெடித்தாலும் விளக்கம் சொல்ல வேண்டும். வேலையில் இருந்த காலம் முழுக்க ஒரு முட்டையை நான் வாயில் வைத்ததில்லை. அமைப்பாளர் வாய் அசைவதை யாராவது பார்த்தால் போதும், மறுநாள் ஊரே பேசும். முட்டையைக் குப்பையில் போடுவதோ அதைவிடப் பெரிய குற்றம். முட்டைக்காகக் காலையிலிருந்து பசியோடு காத்திருக்கும் பிள்ளைகளுக்குப் பரிமாறிய கை இது. இந்தக் கை எப்படி மஞ்சள் கருவைக் குப்பையில் போடும்?

காக்காவுக்கு வைத்திருக்கலாமே என்று கேட்பீர்கள். வைத்தேன். எங்கள் தெருக் காக்கைகள் பிரியாணிக்கடை வாசலில் வளர்ந்தவை. மொட்டைமாடிச் சுவரில் வைத்த மஞ்சள் கருவைத் தலையைச் சாய்த்து ஒரு பார்வை பார்த்துவிட்டுப் பறந்துபோயின. சாயங்காலம் எறும்பு மொய்த்துக் கிடந்தது. பின்கட்டில் எங்களுக்கு இரண்டு குடித்தனங்கள் உண்டு. அவர்களுக்குக் கொடுக்கலாம் என்றால், வெள்ளையைத் தின்றுவிட்டு மஞ்சளைத் தருகிற வீட்டுக்காரி என்று பேர் வரும். ஆகவே நான் பாத்திரம் தேய்க்கும் தொட்டி அருகே நின்றபடியே, மிளகுத்தூளைத் தூவி, இரண்டையும் வாயில் போட்டுத் தண்ணீர் குடித்து இறக்கிவிடுவேன். உட்கார்ந்து சாப்பிட அது என்ன விருந்தா?

மஞ்சள் கருவோடு நின்றிருந்தால் பரவாயில்லை. கோழித் தோல் அவருக்கு ஆகாது, அதுவும் எனக்குத்தான். ஞாயிற்றுக்கிழமை மகள் வருவாள், அவளுக்காக ஆட்டுக்கறி எடுத்தே ஆகவேண்டும். அவருக்குக் கறி கிடையாது, குழம்பில் கொழுப்பை வழித்தெடுத்துவிட்டு அடியில் இருக்கும் சாறு மட்டும். வழித்தெடுத்த கொழுப்பு ஒரு கிண்ணத்தில் இருக்கும். எல்லோரும் சாப்பிட்டு முடித்ததும் அதைக் குழம்புச் சட்டியில் திருப்பி ஊற்றி, சோற்றைப் போட்டுப் புரட்டி, சட்டியோடு சாப்பிடுவேன். சட்டிச்சோறு சாப்பிடாத பெண்பிள்ளை எங்கள் சனத்தில் யாரும் இல்லை. அதன் ருசி தட்டில் வராது. கீரையும் சுண்டலும் என்ன ஆயின என்றால், அவை அவருக்கான மருந்து. மருந்தில் பங்கு கேட்பார்களா?

அவர் இளைத்தார். முகத்தில் களை வந்தது. காலையில் அம்பத்தூர் ஏரிப் பக்கம் நடக்கப் போனார். அங்கே நடக்கிறவர்களுக்கெல்லாம் உபதேசம் செய்யத் தொடங்கினார் என்று கேள்விப்பட்டேன். "நாக்க அடக்கணும் நைனா. நாக்க அடக்கினா நெஞ்சு தானா அடங்கும். என்னயப் பாரு," என்பாராம். நாக்கை அடக்கியது யார், அடக்கியவருக்குச் சுண்டல் தாளித்தது யார் என்பதெல்லாம் உபதேசத்தில் வராது. அவருடைய ரத்தப் பரிசோதனை பாஸானது. மருத்துவர் தாளைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார். "எல்லாம் உங்க கவனிப்புதாம்மா," என்றார். என் சர்வீஸில் ஓர் அதிகாரிகூட அப்படிச் சொன்னதில்லை. வீட்டுக்கு வரும் வழியெல்லாம் எனக்குக் கால் தரையில் பாவவில்லை.

அந்தச் சமயத்தில்தான் மொட்டைமாடிக்குத் துணி காயப்போட ஏறினால் எனக்கு மூச்சு வாங்க ஆரம்பித்தது. பாதிப் படியில் பக்கெட்டை வைத்துவிட்டு நிற்பேன். தாடையில் ஒரு வலி வரும், நின்றால் போய்விடும். பல்வலி என்று கிராம்பு வைத்தேன். முதுகுக்கு நடுவில் பிடித்துக்கொள்ளும், தலையணை மேல் பழி போட்டேன். மேல்வயிறு கல்லாக இருக்கும். அதற்குக் காரணம் எங்கள் தெருவில் சின்னக் குழந்தைக்கும் தெரியும், கேஸ்! பெண்பிள்ளைகளுக்குக் கழுத்துக்குக் கீழே, இடுப்புக்கு மேலே வருகிற எல்லா நோய்க்கும் எங்களிடம் ஒரே பெயர்தான். சோடா குடித்தேன். ஓமத்தண்ணீர் குடித்தேன். மோரில் பெருங்காயம் போட்டுக் குடித்தேன். ஒவ்வொரு முறையும் ஒரு ஏப்பம் வந்தது, அதனால் வைத்தியம் சரி என்று ஆகிவிட்டது.

"இன்னாமே, ஏப்பம் தெருவுக்குக் கேக்குது," என்றார் அவர், சுண்டலை மென்றுகொண்டே.

"கேஸுங்க," என்றேன்.

"நாக்க அடக்கணும்மே," என்றார். கையிலிருந்த கரண்டியை எறியாமல் இருந்தேன், அதுவே பெரிசு.

அவருக்குச் சோதனைக்குப் போகும் நாள் வந்தது. எப்போதும் போல அவருடைய ஃபைலை நான் தூக்கிக்கொண்டேன். துணைக்கு வருகிறவர்களுக்கு என்று கழுத்தில் மாட்டும் அட்டை ஒன்று தருவார்கள், அதை மாட்டிக்கொண்டேன். மருத்துவரைப் பார்த்த பிறகு டயட் மேடத்தையும் பார்க்கச் சொன்னார்கள். அவருடைய அறை மாடியில் இருந்தது. லிஃப்டுக்குக் கூட்டம், படியேறினோம். என் கணவர் விறுவிறு என்று ஏறிவிட்டார். நான் நடுவில் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்று, மேலே போய்ச் சேர்ந்தபோது அவர் ஏற்கெனவே நாற்காலியில் உட்கார்ந்து கேள்வி கேட்டுக்கொண்டிருந்தார்.

"ஏம்மா, எனக்கு எல்லாம் நார்மலா கீதுன்னு டாக்டரே சொல்லிட்டாரு. அப்பால இன்னாத்துக்கு மஞ்சக்கரு வாணான்றீங்க? ஒரே ஒரு மட்டன் பீஸு துன்னா செத்தா பூடுவேன்?"

"ஒரு துண்டால யாரும் சாக மாட்டாங்க ஐயா," என்று அந்தப் பெண் சிரித்தார். "கொழுப்பு மட்டும் கணக்கு இல்ல. நம்ம குடலுக்குள்ள கோடிக்கணக்கா பாக்டீரியா இருக்கு. நாம சாப்பிடறதைத்தான் அதுங்களும் சாப்பிடும். மஞ்சக்கரு, ஆட்டுக்கறி, ஈரல்ல எல்லாம் சில சத்து இருக்கு. உடம்புக்கு வேண்டியதுதான். ஆனா அளவு மீறிப் போனா, சில பாக்டீரியா அதை உடைச்சு ஒரு வாயுவா மாத்திடும்."

"பாத்தியாமே, கேஸுன்றது மெய்தான்," என்று அவர் என் பக்கம் திரும்பினார்.

"அது வேற வாயு ஐயா. இது ஏப்பமா வெளியே வராது. ரத்தத்துல கலந்து ஈரலுக்குப் போகும். ஈரல் அதை இன்னொரு பொருளா மாத்தி மறுபடியும் ரத்தத்துல விடும். அந்தப் பொருள் அதிகமா இருக்கறவங்களுக்கு மாரடைப்பு வர வாய்ப்பும் அதிகமா இருக்குன்னு ஆராய்ச்சில பார்த்திருக்காங்க. அதுதான் காரணமா, இல்ல கூட வர்ற அறிகுறியான்னு இன்னும் முழுசா முடிவாகல. ஆனா நார்ச்சத்து சாப்பிட்டா நல்லது செய்யற பாக்டீரியா பெருகும்ங்கறது நல்லாத் தெரியும். கீரைல, சுண்டல்ல இருக்கற நார் நமக்குச் செரிக்காது, அது அந்த பாக்டீரியாவோட சாப்பாடு. எதைப் போடறமோ, அதைத் தின்னுற கூட்டம்தான் உள்ள பெருகும்."

குடித்தனம் வைத்திருப்பவளுக்கு இதைப் புரிந்துகொள்வதில் சிரமமே இல்லை. நல்ல குடித்தனக்காரர்களுக்கு வேண்டியதைச் செய்துகொடுத்தால் நின்று, வீட்டைத் தங்கள் வீடு போலப் பார்த்துக்கொள்வார்கள். கண்டவனுக்கும் வசதி செய்துகொடுத்தால் அவன் தன் கூட்டத்தையே அழைத்துவந்து குழாயை உடைத்துவிட்டுப் போவான். அவர் வயிற்றுக்குள் நல்ல குடித்தனம் வைத்துக்கொடுத்தவள் நான்தானே என்று எனக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

அப்போதுதான் அந்தப் பெண் என் பக்கம் திரும்பினார்.

"அம்மா, நீங்க என்ன சாப்பிடறீங்க?"

என் சாப்பாட்டை நான் கணக்கில் வைத்ததே இல்லை. பொய் சொல்கிறேன் என்று நினைக்காதீர்கள். இவர் காலையில் என்ன சாப்பிட்டார், எந்த மாத்திரை முன்னால், எது பின்னால் என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்வேன். என்னை யாரும் இதுவரை கேட்டதில்லை.

"மீந்ததும்மா," என்றேன்.

"மீந்ததுன்னா, என்ன மிஞ்சும் உங்க வீட்ல?"

சொன்னேன். மஞ்சள் கரு, தோல், கிண்ணத்துக் கொழுப்பு, சட்டிச்சோறு, நாத்தனார் வரும்போதெல்லாம் கொண்டுவரும் சூப். சொல்லச் சொல்ல அந்தப் பெண்ணின் பேனா நின்றுவிட்டது. அவர் முகத்தைப் பார்த்துத்தான் எனக்கே என் சாப்பாடு என்னவென்று தெரிந்தது. ஃபிரிட்ஜில் ஒட்டியிருந்த தாளில் வேண்டாம் என்று இருந்த அத்தனையும், வரிசை மாறாமல், என் வயிற்றுக்குப் போயிருந்தது.

"சுண்டல், கீரை?"

"அது அவருக்கும்மா."

"படியேறி வந்தப்ப ஏன் சுவரைப் பிடிச்சு நின்னீங்க? நான் கதவு வழியா பார்த்தேன்."

"கேஸும்மா. தாடைல வந்து நிக்கும், அப்பால பூடும்."

அந்தப் பெண் எழுந்துவிட்டார். "பிரஷர் கடைசியா எப்ப பார்த்தீங்க?"

"ஊட்ல மிஷினே கீது."

"உங்களுக்குப் பார்த்திருக்கீங்களா?"

நான் என் கணவரைப் பார்த்தேன், அவர் என்னைப் பார்த்தார். தினமும் காலையில் அந்தப் பட்டையை அவர் கையில் சுற்றியவள் நான். அதே மேசை, அதே மிஷின். என் கையும் அங்கேதான் இருந்தது. ஒருநாள்கூட இருவருக்கும் தோன்றவில்லை.

அதற்குப் பிறகு நடந்ததெல்லாம் மளமளவென்று நடந்தது. ஒரு சக்கர நாற்காலி வந்தது. அவர் பழக்கத்தில் அதில் உட்காரப் போனார், "சார், நீங்க இல்ல, அம்மா," என்றார்கள். ஈசிஜி எடுத்தார்கள். மருத்துவர் வந்து தாளை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். இந்த முறை என் கவனிப்பைப் பாராட்டவில்லை. நர்ஸ் என் கழுத்திலிருந்த துணைக்கு வருகிறவர் அட்டையைக் கழற்றி என் கணவர் கழுத்தில் மாட்டினார். மாட்டியதும் அவர் முகம் விழுந்துவிட்டது.

"எனக்குத் தொணைக்கு வந்தவம்மா இவ," என்று நர்ஸிடம் சொன்னார். ஏதோ தப்பு நடந்துவிட்டது, திருத்திக் கொடுங்கள் என்பதுபோல. "இவளுக்கு ஒண்ணும் இல்ல. எனக்குத்தான் ஸ்பிரிங் கீது. ஃபைலப் பாருங்க."

தள்ளுவண்டியில் படுக்கவைத்து உள்ளே கொண்டுபோனார்கள். கூரையில் குழல் விளக்குகள் ஒவ்வொன்றாகப் போயின. எனக்குப் பயமாக இருந்தது. இவ்வளவு நாளும் அவருக்காகப் பட்ட பயம் எல்லாம் ஒன்றுமே இல்லை. இது வேறு பயம், சொந்தப் பயம். நான் செத்துப்போனால் நாளைக்கு யார் சுண்டலை ஊறவைப்பார்கள் என்று நினைத்தேன். அடுத்த நிமிடமே, அடியே, சாகப்போகிற நேரத்திலும் சுண்டலா என்று என்மேலேயே ஆத்திரம் வந்தது. நான் சாக விரும்பவில்லை. நான் இருக்க வேண்டும், அவ்வளவுதான். அவர் கூடவே ஓடிவந்தார். கைகளில் ஏதேதோ ஒயர் இருந்ததால் என் கால் கட்டைவிரலைப் பிடித்துக்கொண்டார். கதவு வரை விடவில்லை. அழுதார். மேனாம்பேட்டு ரோட்டில் தனக்கு நெஞ்சு வலித்தபோதுகூட அழாத மனிதர்.

அவருக்கு ஓர் அடைப்பு, எனக்கு இரண்டு. ஸ்பிரிங் விஷயத்தில் நான் அவரை முந்திவிட்டதை அவர் அதன் பிறகு யாரிடமும் சொல்லவில்லை. தன்னுடையதைப் பற்றிப் பேசுவதையும் நிறுத்திக்கொண்டார்.

எனக்கு நினைவு தெளிந்த பிறகு டயட் மேடம் வார்டுக்கு வந்தார். மஞ்சள் கருவினால்தான் வந்ததா என்று கேட்டேன்.

"அதை மட்டும் சொல்ல முடியாதும்மா. பிரஷர் இருந்திருக்கு, யாருமே பார்க்கல. வயசு இருக்கு, பரம்பரை இருக்கு. கறி, கொழுப்பு இருக்கு, நார்ச்சத்து துளியும் இல்ல. எது எவ்வளவுன்னு பிரிச்சுச் சொல்ல முடியாது." சற்று நிறுத்தி, "ஆனா ஒண்ணு சொல்வேன். உங்க வீட்டுக்கு நான் ஒருத்தருக்குத்தான் எழுதிக் கொடுத்தேன். ரெண்டு பேருக்கு எழுதியிருக்கணும்," என்றார். அந்தப் பெண்ணின் கண் கலங்கியது. எனக்குச் சங்கடமாகிவிட்டது, "நீ இன்னாம்மா பண்ணுவே" என்று கையைத் தட்டிக்கொடுத்தேன்.

மகள் வந்து ஃபிரிட்ஜ் கதவுத் தாளைக் கிழித்துவிட்டுப் புதுத் தாளை ஒட்டினாள். அதில் மேலே 'இருவருக்கும்' என்று பட்டையாக எழுதியிருந்தாள். என்னிடம் சரியாகப் பேசவில்லை. சமையலறையில் நின்று முதுகைக் காட்டிக்கொண்டு, "உன் வயிறு இன்னா குப்பத்தொட்டியாம்மா?" என்று மட்டும் கேட்டாள். அலுவலகத்துப் பேச்செல்லாம் போய் எங்கள் தெருப் பேச்சு வந்திருந்தது, அவ்வளவு கோபம்.

நாத்தனார் தூக்குச்சட்டியோடு வந்தார். நெஞ்செலும்புதான், இந்த முறை அண்ணிக்கு. என் கணவர் வாசலிலேயே மறித்தார்.

"சூப்பு வாணாம்மா. ஊட்டாண்ட கீரை கெடைச்சா எத்துக்கினு வா."

நாத்தனார் மூஞ்சியைத் தூக்கிவைத்துக்கொண்டு சட்டியோடு திரும்பிப் போனார். நூம்பலில் அதை யார் குடித்திருப்பார்கள் என்பது எனக்குத் தெரியும். அன்றைக்கே போன் போட்டு, பிரஷர் பார்த்துக்கொள்ளச் சொன்னேன். "எனக்கின்னா அண்ணி, நான் கல்லு மாரி கீறேன். கேஸு ஒண்ணுதான்," என்றார். நான் விடவில்லை. மகளை அனுப்பி இழுத்துப்போகச் செய்தேன்.

அடுப்படி அவர் கைக்குப் போயிற்று. லேத்தில் நூலிழை சுத்தமாக இரும்பைக் கடைந்தவருக்கு வாழைத்தண்டு நறுக்க வரவில்லை. நார் நாராக, கட்டை கட்டையாக வந்தது. நார்ச்சத்துதானே, இருந்துவிட்டுப் போகட்டும் என்று மென்றேன். முட்டை வேகவைக்க மட்டும் உடனே கற்றுக்கொண்டார். நான் உள் அறையில் படுத்திருப்பேன், தட்டில் வெள்ளைக்கரு வரும், கூழ் வரும். நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது.

ஒருநாள் காலை தட்டு வரத் தாமதமானது. சமையலறையில் சத்தமே இல்லை. மெதுவாகச் சுவரைப் பிடித்துக்கொண்டு போய்ப் பார்த்தேன். அவர் பாத்திரம் தேய்க்கும் தொட்டி அருகே, நான் நிற்கும் அதே இடத்தில், எனக்கு முதுகைக் காட்டியபடி நின்றிருந்தார். மேடையில் மிளகுத்தூள் டப்பா திறந்திருந்தது. வாய் அசைந்தது.

"யோவ்! இன்னாயா பண்றே?"

திரும்பினார். கன்னம் இரண்டு பக்கமும் உப்பியிருந்தது. விழுங்கப் பார்த்தார், இறங்கவில்லை, இருமினார். நான்தான் சொம்பில் தண்ணீர் எடுத்துக் கொடுத்தேன். குடித்து, நெஞ்சைத் தடவிக்கொண்டு, மூச்சு வாங்கினார். ஏரிக்கரையில் ஊருக்கெல்லாம் உபதேசம் செய்த மனிதர்.

"வீணாப் பூடுதேன்னு…" என்றார். மற்றொரு மஞ்சள் கரு அவர் உள்ளங்கையில் இருந்தது. அதைப் பார்த்துக்கொண்டே, "இத்த எப்டிமே இத்தினி நாளு துன்னே? தொண்டைய அடைக்குது."

"எனக்கு மட்டும் அடைக்கலயா?"

அவர் சொம்பை மேடையில் வைத்தார். பிறகு, "உனக்குப் புடிக்கும்னு நெனச்சேன்மே," என்றார்.

அவர் பார்த்திருக்கிறார். நான் அங்கே நின்று ஒவ்வொரு நாளும் விழுங்கியதை இவர் பார்த்துக்கொண்டுதான் இருந்திருக்கிறார். பிடித்துத் தின்கிறாள் என்று நினைத்திருக்கிறார். எனக்குத் திட்ட வாய் வந்தது. ஆனால் கேட்டிருந்தால்தான் என்ன சொல்லியிருப்பேன்? பிடிக்கும் என்றுதான் சொல்லியிருப்பேன்.

அவர் கையிலிருந்து அந்த மஞ்சள் கருவை வாங்கினேன். குப்பைக் கூடையின் மூடியைக் காலால் திறந்து, உள்ளே போட்டேன். யாரோ வந்து விளக்கம் கேட்பார்கள் என்பதுபோல் ஒரு கணம் நின்றேன். யாரும் வரவில்லை. பின்கட்டில் குடித்தனக்காரர்கள் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தார்கள்.

"நாளைலேர்ந்து ஒரே முட்டையா வேவ வையி. ஆளுக்குப் பாதி," என்றேன்.

"செர்தான்," என்றார். தட்டில் வெள்ளைகளை எடுத்துவைத்து, தரையில் பாயை விரித்தார். எதிரே இன்னொரு தட்டையும் வைத்தார். "நின்னுகினே இருக்காத. குந்துமே."

குந்தினேன். இந்த வீட்டில் அவர் சாப்பிடும்போது நான் எதிரில் உட்கார்ந்து சாப்பிட்ட ஞாபகம் எனக்கு இல்லை. எங்கே பார்ப்பது என்றுகூடத் தெரியவில்லை, தட்டையே பார்த்தேன். அவர் வெள்ளைக்கருவில் உப்பில்லாமல் மிளகு மட்டும் தூவி என் பக்கம் தள்ளினார்.

"இது புடிக்குமா?" என்று கேட்டார்.

ஒரு துண்டை எடுத்து வாயில் போட்டேன். கல்யாணத்துக்கு முன்னால் எங்கள் அம்மா வீட்டில் முட்டை வெந்தால் வெள்ளைக்காகத் தம்பியோடு அடித்துக்கொண்டவள் நான். எப்படி இருக்கும் என்பதே மறந்துபோயிருந்தது.

"எனக்கு இதாங்க புடிக்கும்," என்றேன்.